கண்ணாடியின் மேல் ஒரு பொட்டு

கண்ணாடிக்குள் போன படம் காப்பாற்றப்பட்ட படம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். கலியாணப் படமோ, சாமிப் படமோ, இறந்தவர்களின் படமோ, எதுவாக இருந்தாலும் கண்ணாடியோடு சேர்த்து இறுக்கி, பின்னால் ஹாட்போட் பலகை வைத்து, ஆணி அறைந்து சுவரில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்துக்குச் செய்ய வேண்டியவை வெள்ளிக்கிழமைப் பூமாலையும் சந்தனப் பொட்டும் மட்டுமே. கடற்காற்று கண்ணாடியைத் தாண்டாது என்பது என் ஐயாவின் உறுதியான கருத்து. ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருவும் இரண்டு பூவரச மரங்களுமே இருந்தன.

ஆகவே, உயர்தரம் படித்த மகள் கொழும்பில் படங்களுக்குச் சட்டம் போடும் வேலைத்தலத்தில் சேர்ந்துவிட்டாள் என்று அறிந்தபோது ஐயாவுக்கு விளங்கவில்லை.

"நாலு மூலையிலையும் ஆணி அடிக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை பாஸ் பண்ணினனீ?" என்று கேட்டார்.

நான் அங்கே கணக்கெழுதப் போனவள். மேசைக்கு இடம் போதாமல் வேலைத்தலத்தின் உள்ளேயே என்னை இருத்தினார்கள். அங்கிருந்தபடி பார்த்ததில் கணக்கைவிட அந்த வேலை பிடித்துப்போயிற்று. முதலில் கண்ணாடி துடைத்தேன், பிறகு அட்டை வெட்டினேன், பிறகு தாளைத் தொட விட்டார்கள். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில் பழைய சுவரொட்டிகளைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கும் இளைஞர் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன், கண்ணாடி வெட்டும் கை இப்போது நேராகப் போவதில்லை. அவர்களிடம் வெயிலின் தீங்கைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. அமிலமில்லாத அட்டையை இணையத்தில் வருவிக்கிறார்கள். எங்கள் காலத்தில் இவற்றைக் கனவில்தான் கண்டோம். எந்த வேலை மிகவும் கடினமாக இருந்தது என்று கேட்டார்கள். அந்த நேரம் சரியாகச் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

முதலில் மரியநாயகம் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரம்பனில் பிறந்தவர், வேலைத்தலம் அவருடையது. மெலிந்த மனிதர். தாளைத் தொடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தன் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைப்பார். வேறொருவர் தரும் துவாயை வாங்க மாட்டார். யார் என்ன படத்தைக் கொண்டுவந்தாலும் அவருடைய முதற் கேள்வி ஒன்றுதான்: "எந்தச் சுவரிலை கொழுவப் போறீர்?"

இது பலருக்கு எரிச்சலைத் தந்தது. ஒருமுறை பழைய திரைப்படச் சுவரொட்டிகள் சேர்க்கும் ஒருவர் வந்தார். எட்டாக மடித்து வைத்திருந்த அரிய சுவரொட்டி ஒன்றை மேசையில் விரித்து, மடிப்புத் தெரியாமல் பலகையில் ஒட்டித் தரும்படி கேட்டார். மாஸ்டர் சுவரைப் பற்றி விசாரித்து முடித்த பிறகுதான் சுவரொட்டியைப் பார்த்தார்.

"ஒட்டலாம். பிறகு கழட்ட ஏலாது."

"நான் ஏன் கழட்டப் போறன், மாஸ்டர்?"

"நீர் கழட்டமாட்டீர். உமக்குப் பிறகு வாறவன் கழட்டப் பார்ப்பான். அவனுக்குக் கையிலை வாறது பலகைதான், படம் இல்லை."

"கலியாணமும் அப்பிடித்தானே? ஒட்டினால் ஒட்டினதுதானே?"

"அதுக்கு வேற இடம் இருக்கு. இஞ்ச படத்துக்கு மட்டும்தான்."

அந்தச் சுவரொட்டியை நாங்கள் ஒட்டவில்லை. மெல்லிய நார்த்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, கோதுமைமாப் பசை தடவி, மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடங்களில் பிடிக்க வைத்தோம். நார்த்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. வெட்டிய விளிம்பு படத்தில் கோடாகத் தெரியும். பசையை நீரால் நனைத்து எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். கீழ்விளிம்பு சும்மா தொங்கும். மாரியில் தாள் விரியவும் கோடையில் சுருங்கவும் இடம் வேண்டும். முன்னால் சாளரம்போல் வெட்டிய அட்டை வரும். அதன் தடிப்புத்தான் படத்தையும் கண்ணாடியையும் பிரித்து வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காற்று நிற்க வேண்டும். ஒட்டுநாடா எந்த வேலைக்கும் எங்கள் மேசைக்கு வந்ததில்லை.

மாஸ்டர் காலமான பின் வேலைத்தலம் கைமாறியது. போர் முடிந்து பாதை திறந்ததும் நான் ஊருக்குத் திரும்பி, ஐயாவின் வீட்டு முன்னறையில் மேசை போட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பூட்டிக்கிடந்த வீடுகளைத் திறந்து, சுவரில் எஞ்சியிருந்த படங்களைக் கொண்டுவரத் தொடங்கிய காலம் அது. பாதிப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தன. எங்கள் வீட்டு நம்பிக்கைதான் தீவெங்கும் இருந்த நம்பிக்கை என்பதை அப்போது கண்டேன்.

அப்படி ஒரு நாள் சிவராசா அண்ணை வந்தார். அனலைதீவைச் சேர்ந்தவர், கனடாவில் இருப்பவர். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தாமரையில் அமர்ந்த இலட்சுமி. காலடியில் காசுக்குப் பதிலாக ஒரு சுருட்டுக் கட்டு. கீழே தென்னிலங்கை ஊர் ஒன்றில் அவருடைய தகப்பனார் நடத்திய சுருட்டுக் கடையின் பெயர். அந்தக் காலத்து அச்சுக்கூடங்கள் கல்லில் எழுதி நிறம் நிறமாக அடித்த விளம்பரப் படம். இப்போது இத்தகைய ஒன்றுக்குச் சேகரிப்பாளர் ஆலாய்ப் பறப்பார்கள்.

"லச்சுமி இல்லை, தங்கச்சி. என்ர அம்மா" என்றார் அவர்.

தகப்பனார் ஒருவருக்கும் சொல்லாமல் மனைவியின் கலியாணப் படத்தை அச்சுக்கூடத்தில் கொடுத்து, முகம் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாராம். படம் தீவுக்கு வந்து வீட்டில் மாட்டிய அன்று அம்மா வெட்கத்தில் குசினியை விட்டு வெளியே வரவில்லையாம். சில ஆண்டுகளில் அம்மா இறந்துபோனார். மூத்தவள் மனோன்மணிக்கு அப்போது ஐந்து வயது, சிவராசா தவழ்ந்துகொண்டிருந்தார். பின்னொரு காலத்தில் தெற்கில் கலவரத்தில் கடை எரிந்தபோது கலியாணப் படமும் மிஞ்சியிருந்த அச்சுப் படங்களும் சேர்ந்து எரிந்தன.

"அண்டைக்குக் கடையிலை நான்தான் நிண்டனான்" என்றார் சிவராசா அண்ணை. "பின்பக்கத்தாலை ஓடேக்கை திரும்பிப் பார்த்தனான். சுவரிலைதான் இருந்தது. எட்டிக் கழட்ட ஏலாமல் போச்சு."

ஆக, அவர்களுடைய அம்மாவின் முகம் இந்த உலகில் எஞ்சியிருந்தது அனலைதீவு வீட்டுச் சுவரில் இருந்த அந்த ஒரு தாளில் மட்டுமே. அந்தத் தாளில் இப்போது பூஞ்சணம் பிடித்திருந்தது. சேலைத் தலைப்பில் தொடங்கிய வெள்ளை கழுத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த மாரியில் அது முகத்துக்கு வந்துவிடும்.

"கொண்டு வாங்கோ, பார்ப்பம்."

"அக்கா விடமாட்டா. அம்மாவைக் கடல் தாண்டக் கொண்டுபோகக் கூடாதாம்."

அக்கா சொன்னதே சரி என்றேன், வேறொரு காரணத்துக்காக. தோணியில் தெறிக்கும் உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் போதும். பங்குனி மாதம், வீடு நன்றாகக் காய்ந்திருக்கும் காலம். நானே வருவதாகச் சொன்னேன். கருவிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி, பெட்டியைப் பொலித்தீனால் சுற்றிக்கொண்டு தோணி ஏறினேன்.

மனோன்மணி அக்கா தனியே இருந்தார். ஒரு பசு, கொஞ்சம் புகையிலைத் தோட்டம். கதிரையைத் துடைத்து என்னை இருக்கச் சொன்னார், தேத்தண்ணி தந்தார், ஆனால் படத்துக்கும் எனக்கும் நடுவில்தான் நின்றார். படம் வாசலுக்கு நேரே இருந்தது. வருகிறவர்கள் கண்ணில் முதலில் பட வேண்டும் என்று தகப்பனார் மாட்டிய இடம். பின்னேர வெயில் வாசலால் நுழைந்து அப்படியே படத்தில் விழும். மாஸ்டர் இருந்திருந்தால் அந்தச் சுவரைப் பார்த்ததும் எழுந்து போயிருப்பார்.

வெயில் தன் வேலையைச் செய்திருந்தது. அச்சு நிறங்களில் முதலில் போவது சிவப்பு, பிறகு மஞ்சள். கடைசி வரை நிற்பது நீலம். இலட்சுமியின் சேலை சாம்பலாகியிருந்தது. முகம் நீலம் பாய்ந்த வெண்மையாக இருந்தது. அந்த முகத்தின் நெற்றியில், கண்ணாடியின் வெளிப்புறத்தில், சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து ஒரு பெரிய பொருக்காக நின்றன.

"ஒவ்வொரு வெள்ளியும் வைப்பியளோ, அக்கா?"

"ஓம். எனக்கு அறிவு தெரிஞ்ச நாளிலையிருந்து."

"துடைச்சுப்போட்டு வைக்கிறேல்லையோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று விளங்கியது. "அம்மா பூவோடையும் பொட்டோடையும் போனவ. ஐயா அவவுக்குப் பிறகும் கன காலம் இருந்தவர். அவவின்ர பொட்டை நான் அழிக்கிறதோ?"

படத்தை இறக்கி மேசையில் வைத்தோம். கதவைச் சாத்தி, ரோச் லைற்றின் வெளிச்சத்தைக் கண்ணாடியின் விளிம்போடு சரித்துப் பிடித்துப் பார்த்தேன். இந்த வேலையில் இதுதான் முதற் பரிசோதனை. தாள் கண்ணாடியில் ஒட்டாத இடம் மங்கலாகத் தெரியும். ஒட்டிய இடம் நனைந்ததுபோல் கறுத்து மினுங்கும். கீழ்விளிம்பில், வாரந்தோறும் ஈர மாலையிலிருந்து வழிந்த நீர் சட்டத்துக்குள் இறங்கி, கடைப் பெயரின் கீழ் ஒரு பழுப்புக் கோட்டை வரைந்திருந்தது. அங்கே ஒட்டவில்லை. இடக் கன்னத்தில் கறுத்த மினுக்கம் இருந்தது. அது கண்ணின் பக்கமாக மேலேறி, பொட்டின் பொருக்குக்குக் கீழே மறைந்தது.

ஒட்டியது கன்னம் மட்டும்தானா, கண்ணும் நெற்றியும் சேர்ந்தா என்று அறியாமல் படத்தைத் திறக்க முடியாது. திறக்கும்போது தாள் தளரும். ஒட்டிய இடம் எதுவென்று தெரியாவிட்டால் அதன் சொந்தப் பாரமே முகத்தைக் கிழித்துவிடும். திறக்காமல் விட்டால் பூஞ்சணம் தின்னும்.

இதைச் சொல்லி, பொட்டை எடுத்தால்தான் பார்க்கலாம் என்றேன். மனோன்மணி அக்கா பொட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

சிவராசா அண்ணை பொறுமையிழந்தார். "அக்கா, அது கண்ணாடி. அம்மான்ர நெத்தி இல்லை."

"அப்ப நீ ஏன் கனடாவிலையிருந்து வந்தனீ? கண்ணாடி பார்க்கவோ?"

அவர் தொலைபேசியை எடுத்தார். கனடாவில் ஒரு கடையில் கணினியில் நிறம் கொடுத்துச் செய்வித்த பிரதியை அக்காவிடம் காட்டினார். "பாரும். ஒண்டும் ஏலாமல் போனாலும் இது இருக்கு."

அதில் இலட்சுமி ரோசாப்பூ நிறத்தில், கன்னம் பளபளக்கச் சிரித்தார். அக்கா தொலைபேசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"ஆரடா இவ? படத்திலை நடிக்கிறவவோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. சிவராசா அண்ணைக்கு வரவில்லை. பிறகு அக்கா எழுந்து உள்ளே போனார். சாமியறையிலிருந்து குங்குமச் செப்போடு வந்து, படத்தின் மரச்சட்டத்தில், நெற்றிக்கு நேர் மேலே, ஒரு புதிய பொட்டை வைத்தார்.

"அது இருக்கட்டும். இப்ப இதை எடுக்கலாம். நீர் எடுக்க வேண்டாம், தங்கச்சி. நான் எடுக்கிறன்."

ஈரமில்லாமல் எடுக்க வேண்டும் என்றேன். தட்டையான மரச்சீவல் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடியோடு எப்படிப் படுக்கப் பிடிப்பது என்று காட்டினேன். பொருக்கின் ஓரத்திலிருந்து தொடங்கினார். தூளாக உதிர்ந்ததை ஒரு வெற்றிலையில் சேர்த்தார். கடைசியில் மெல்லிய துணியால் நான் துடைத்தேன்.

பொட்டு இருந்த இடத்தில் இன்னொரு பொட்டு இருந்தது.

அது தாளில் இருந்தது. சுற்றிலும் வெளிறிய முகத்தின் நடுவில், நெற்றியில், வட்டமாக ஒரு மண்ணிறம். வெயிலில் காய்ந்த புதுப் பனையோலையைவிட ஒரு படி கறுப்பு. இவ்வளவு காலமும் வெயில் படாமல் அந்தப் பொருக்கு மூடிக் காத்த இடம். மாலை வாரத்துக்கு வாரம் இடம் மாறித் தொங்கும், அதனால் அதன் கீழ் எதுவும் தப்பவில்லை. பொட்டு மட்டும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. அச்சடித்த அன்று அந்த முகம் முழுவதும் என்ன நிறமாக இருந்ததோ, அந்த நிறத்தில் அவ்வளவுதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது சரியல்ல என்று பட்டது. "இது அச்சுக்காரர் தாங்களாப் போட்ட நிறமாகவும் இருக்கலாம், அக்கா. கலியாணப் படம் கறுப்பு வெள்ளைதானே?"

"இல்லை" என்றார் சிவராசா அண்ணை. "ஐயா திருப்பி அனுப்பினவர். பெரியம்மா சொல்லுவா, நான் அதைக் கதையெண்டு நினைச்சனான். முதல் அடிச்ச படம் வெள்ளையா வந்ததாம். ஐயா அச்சுக்கூடத்துக்குப் போய், ஆரோ ஒருத்தன்ர மனிசியை என்னத்துக்கு எனக்கு அனுப்பினனியள் எண்டு கேட்டவராம். பக்கத்திலை நிண்டு நிறம் சொல்லித்தான் மற்றதை அடிப்பிச்சவராம்."

மனோன்மணி அக்கா தன் மணிக்கட்டைத் திருப்பி, கண்ணாடியில் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம்.

"எல்லாரும் என்னை ஐயான்ர நிறம் எண்டு சொல்லுவினம்" என்றார்.

ஒட்டியிருந்தது கன்னம் மட்டுமே. பொருக்கு இருந்த ஓரத்தோடு மினுக்கம் நின்றுவிட்டது. இனி வேலையைத் தொடங்கலாம். படத்தைக் கண்ணாடி கீழாகக் கவிழ்த்து, துரு ஏறிய ஆணிகளை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் ஆட்டி எடுத்தேன். ஹாட்போட்டை எடுத்ததும் அடியில் ஒரு பழைய பத்திரிகைத் தாள். அதன் அமிலப் புளிப்பு ஏறிப் படத்தின் முதுகும் பழுத்திருந்தது. மெல்லிய பிளாஸ்ரிக் தாளை ஓரத்தால் நுழைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். நான்கு பக்கமும் விட்டது, சேலை விட்டது, நெற்றி விட்டது. கன்னத்தில் பெருவிரல் நகமளவு இடம் விடவில்லை.

"இவ்வளவும் வந்திட்டுது. ஒரு இழு இழுத்தால் வந்திடும்" என்றார் சிவராசா அண்ணை.

"வரும், அண்ணை. கன்னம் எந்தப் பக்கத்தோடை வருமெண்டுதான் தெரியாது."

நீராவி பிடித்துப் பார்க்கலாம். அது சில வேளை விடுவிக்கும், சில வேளை மையை இளக்கும். வேறு அச்சுப் பிரதி இருந்திருந்தால் முயன்றிருப்பேன். மாஸ்டரின் சொல் காதில் இருந்தது: திரும்பக் கழற்ற முடியாததைச் செய்யக்கூடாது. கன்னத்தை அது பிடித்த இடத்திலேயே விடுவது என்று தீர்மானித்தேன். அந்தப் பழைய கண்ணாடி இனிப் படத்தின் ஒரு பகுதி.

வாசலுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பூஞ்சணத்தை உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுத்தேன். ஓரங்களில் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒடுங்கிய அட்டைக் கீலங்களை வைத்து, கன்னம் தவிர மற்ற இடங்களில் காற்று நிற்கச் செய்தேன். பின்னால் பஞ்சால் செய்த அட்டை. மரச்சட்டம் பழையதே, பொட்டோடு. சட்டத்தின் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினேன். சுவரின் ஈரம் படத்தின் முதுகைத் தொடாது.

பிறகு சுவரைப் பற்றிக் கேட்டேன். வெயில் எட்டாத உட்சுவரைக் காட்டினார் அக்கா. இனி மாலையைப் படத்துக்குப் போடாமல் கீழே ஒரு தட்டில் வைக்கும்படி சொன்னேன். ஒத்துக்கொண்டார். பிறகு எனக்கு மிகவும் கடினமாக இருந்ததைச் சொன்னேன்: மூடி இருந்ததால்தான் அந்த நிறம் நின்றது, இனி வெளிச்சம் படப்பட, உட்சுவரிலும், அதுவும் மெல்ல மெல்லப் போய்விடும்.

அவர் நினைத்துப் பார்த்தார். "அப்ப திரும்பப் பொட்டை வைச்சால் நிக்குமோ?"

"நிக்கும். ஆனால் ஈரச் சந்தனம் வேண்டாம்."

"ஒட்டுப்பொட்டு வையும், அக்கா" என்றார் சிவராசா அண்ணை. விளையாட்டாகத்தான் சொன்னார்.

நான் விளையாட்டாக எடுக்கவில்லை. உலர்ந்தது, ஒளி புகாதது, கண்ணாடிக்கு வெளியே ஒட்டுவது, விரும்பியபோது கழற்றக்கூடியது. மாஸ்டரும் குறை சொல்லியிருக்க மாட்டார். கடையிலிருந்து பெரிய சிவப்பு ஒட்டுப்பொட்டு வந்தது. அக்கா அதை ஒட்டுமுன் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அழிப்பதல்ல, மாற்றுவதுதானே என்று தனக்குத்தானே சொன்னார். அம்மாவின் திதியன்று மட்டும் பழையதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புதியதை வைப்பதென்று முடிவாயிற்று.

சிவராசா அண்ணை கனடாவுக்குப் போய், தன் வீட்டுச் சுவரில் இருந்த ரோசாப்பூ நிறப் பிரதியை இறக்கிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். அதற்குப் பதிலாக எதையும் மாட்டவில்லையாம். பிறகு ஒரு பனிக்காலத்தில் அவரும் காலமானார்.

சென்ற திதிக்கு மனோன்மணி அக்கா ஆளனுப்பினார், போனேன். பூஞ்சணம் திரும்பி வரவில்லை. அவருக்கு இப்போது கண் தெளிவில்லை; பொட்டை எடுத்துவிட்டு, நிறம் நிற்கிறதா என்று என்னைக் கேட்டார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்தேன். நிற்கிறது என்றேன். நின்றது.

மரியநாயகம் மாஸ்டர் இல்லை. சிவராசா அண்ணை இல்லை. படம் உட்சுவரில் இருக்கிறது. மனோன்மணி அக்கா அந்த வீட்டில் இருக்கிறார்.